அதெப்படி என்று கேட்பவள்

கெம்பிக்கு விலை பேசின அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள் என் சித்தப்பா, அவருக்கு மூத்தவரான என் அப்பா, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாடு வாங்க வந்த வியாபாரி, அவரைக் கூட்டி வந்த தரகர், நான். அப்புறம் கெம்பி. சித்தப்பாவின் மனைவி சின்னம்மா இல்லை. கூப்பிடு தூரத்தில் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் அவள் எங்கே இருந்தாலும் அங்கே இல்லை.

அந்தப் பசு அவளுடையது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர் ஒருவரிடம் கன்றுக்குட்டியாக வாங்கி வந்தது. செந்நிறம் என்பதால் அவர் வைத்திருந்த பெயர் கெம்பி. வீட்டுக்கு வந்த அன்று அப்பா, "நம்ம பாஷையில சிவப்பின்னு கூப்பிடலாமே" என்றார்.

"அதெப்படி? அதுக்குப் பழகின பேரை நாம எப்படி மாத்தறது? நாளைக்கு உங்களை யாராச்சும் வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்களா?" என்று சின்னம்மா கேட்டாள். புருஷனின் அண்ணனோடு முகத்துக்கு முகம் பேசுவது எங்கள் வீட்டில் முறையில்லை. அதனால் அதையும் கதவு நிலையைப் பார்த்துத்தான் கேட்டாள். அப்பாவும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "சரி, கெம்பின்னே இருக்கட்டும்" என்றார். எங்கள் வீட்டு நிலைக்கட்டை அப்படிப் பல வழக்குகளைக் கேட்டிருக்கிறது.

அது தை மாதத்து விடியல். எங்கள் பக்கத்துப் பனி மேலேயிருந்து இறங்குவதில்லை. ஏரியிலிருந்து எழுந்து, அறுத்த கேழ்வரகுத் தாள்மேல் ஊர்ந்து வந்து, யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் நுழையும். பக்கத்தில் நிற்பவரின் இருமல் கேட்கும், ஆள் தெரியாது. அன்றைக்கு அந்த வெள்ளைக்குள் தரகரின் சிவப்புத் துண்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கடியில் அவர் கை வியாபாரியின் விரல்களைப் பிடித்து அழுத்தியது, பிறகு சித்தப்பாவின் விரல்களை. மாட்டுக்கு வாயால் விலை சொல்ல மாட்டார்கள். பிடித்த விரல்தான் தொகை. துண்டு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போலிருந்தது.

சின்னம்மா சித்தப்பாவுக்கு மாமன் மகள். சின்ன வயசிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பிறந்த ஊர் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டியிருந்தது. ராகி முற்றுகிற காலத்தில் அங்கே யானை இறங்கும். பரண்மேல் காவலிருந்த அண்ணனுக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள், வயலுக்குள் நின்ற யானையோடு பேசியதாகச் சொல்லுவாள்.

"அதெப்படி நாங்க விதைச்சதை நீ திங்கறதுன்னு கேட்டேன். காதை ஆட்டுச்சு. யோசிச்சுப் பாத்துச்சு. அப்புறம் திரும்பிப் போயிடுச்சு."

அவளுடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் கதைக்குச் சிரித்தார். "நாங்க தகரம் தட்டினோம், அதான் போச்சு."

"அதெப்படி? அதுக்கு முன்னாடியும் தட்டிக்கினுதானே இருந்தீங்க? அப்ப ஏன் போகலை?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யானைக்கே பதில் தெரியலை, எனக்கு எங்கிருந்து தெரியும்?" என்றார்.

அதெப்படி என்பது அவள் வாயில் சண்டையில்லை. கேட்டுவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பதில் நியாயமாக இருந்தால், "ஓ, அப்படியா" என்று அந்த இடத்திலேயே விட்டுவிடுவாள். பதில் இல்லாதவர்கள்தான் அவளைச் சண்டைக்காரி என்றார்கள்.

முதல் தடவையாக எங்கள் ஊருக்கு ஓட்டுப் பெட்டி வந்தது நினைவிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். வழியெல்லாம் சித்தப்பா, எந்தப் படம் ஒட்டின பெட்டியில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"அதெப்படி மாமா? அப்ப எனக்கு எதுக்குத் தனியா ஒரு சீட்டு? ரெண்டையும் உன் கையிலயே கொடுத்திருக்கலாமே."

"புருஷன் சொன்னா கேக்க மாட்டியா?"

"கேட்டேனே. காது கேட்டுச்சு."

திரும்பி வரும்போது எதில் போட்டாய் என்று அவர் மூன்று வயல் தாண்டும்வரை கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். ஓசூரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை வந்து, பூமி உருண்டை என்று அவளிடம் சொன்னேன். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்தினாள். "அதெப்படி?" பூசணிக்காயை வைத்து விளக்கினேன். அதன்மேல் ஒரு கை தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் வழிந்து என் சட்டையெல்லாம் நனைந்தது. "அப்ப நம்ம ஏரி ஏன் வழியலை?" திங்கட்கிழமை வாத்தியாரிடம் கேட்டு வந்து, அடுத்த சனிக்கிழமை சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "ஓ, அப்படியா. பூமியே பிடிச்சு வச்சுக்குதா. நல்ல பூமிதான்" என்றாள். நான் படித்தவன் என்று முதன்முதலாக எனக்கே தோன்றியது அன்றைக்குத்தான்.

நான் படிப்பை முடித்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. கண் திறந்து முகம் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அவள் அழுதாள்; எழுந்தாள்; வேலை செய்தாள். கொஞ்ச நாள் கழித்து, நிலையைப் பார்த்து "அதெப்படி?" என்று கேட்பது அதிகமானது. எங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. அவள் நிலையோடு பேசுவது வழக்கம்தானே. அப்பாவிடம்தான் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்தோம். அப்பா இரண்டு மூன்று தடவை வெளியிலிருந்து பதில்கூடச் சொன்னார். பல வாரம் அப்படியே போனது. வேறு எந்த வீட்டிலாவது முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஒரு விடியலில் மாட்டுக்கொட்டகையில் குரல் கேட்டுச் சித்தப்பா எட்டிப் பார்த்தார். கெம்பியின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, பனி நிரம்பிய மூலையைப் பார்த்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதெப்படி? அதெப்படி? அதெப்படி?" தலை சாயவில்லை. கை இடுப்பில் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. ஏனென்றால் பதில் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் அவளுடைய சின்ன வயசுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளையை நீதான் கொன்றாய் என்கிறாளாம். அதற்குத்தான் கேட்டாள்.

பிறகு ஆறு மாதத்துக்குத் தூக்கம் போனது, சோறு போனது. வேப்பிலை அடித்தோம், கயிறு கட்டினோம், உடுக்கை அடிக்கிறவரைக் கூட்டி வந்தோம். உடுக்கைச் சத்தம் எழுந்தால் அவள் அதைவிடச் சத்தமாக "அதெப்படி?" என்பாள். அந்த வார்த்தை காதில் விழுந்தாலே வீட்டில் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவோம். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் சித்தப்பா புல் அறுக்கப் போய்க்கொண்டிருந்தார். அங்கே மாட்டுக்கு ஊசி போடுகிற கம்பவுண்டர்தான், "ஏன்யா, பெங்களூர்ல இதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்குது, உடுக்கைக்காரனுக்குக் கொடுக்கற கோழியை விட்டுட்டு அங்க கூட்டிக்கினு போ" என்றார்.

கூட்டிப் போனோம். எனக்குக் கன்னடம் வரும், போர்டு படிக்கத் தெரியும் என்பதால் நானும் போனேன். மூன்று மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். தலைக்குக் கரண்டு வைத்ததாக வார்டு ஆயா சொன்னாள். ஊசி போட்டார்கள். புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். கிணற்றுக் குரல் நின்றது. தூக்கம் வந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அப்பா வானத்தைப் பார்த்து, "கஞ்சி குடிக்கிறியாம்மா?" என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க" என்றாள். என் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குணமாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னோம்.

அவளை நாங்கள் கண்ணாடிச் சாமான் போல வைத்துக்கொண்டோம். அம்மா அவள் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள். அரிவாள் பரணுக்குப் போனது. கிணற்றுப் பக்கம் விடவில்லை. கொட்டகைப் பக்கம் விடவே இல்லை, அங்கேதானே பிடித்தது. யாரும் அவளிடம் எதிர்த்துப் பேசக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது என்று தெருவெல்லாம் போய்ச் சொன்னவன் நான்தான். படித்த பையன் சொல்கிறான் என்று எல்லோரும் கேட்டார்கள். ஊரே அவளோடு ஒத்துப் போனது.

அவளும் ஒத்துப் போனாள். சாப்பிடு என்றால் சரி. படு என்றால் சரி. வாசலில் புங்கமரத்தடியில் உட்கார வைத்தால், பனி எழுந்து விலகி வெயில் வந்து அந்த வெயிலும் போகும்வரை அப்படியே இருப்பாள். அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை, அடித்துப் போட்ட மாதிரியும் இல்லை. தண்ணீரில் தெரிகிற முகம்போல் இருந்தது. கல் எறிந்தால் கலைந்துவிடும் என்று பயந்து யாரும் கல் எறியவில்லை.

வளையல்காரர் வந்தார். தெலுங்கு பேசுகிறவர், வருஷம் தவறாமல் அவளிடம் வசமாக மாட்டிக்கொள்கிறவர். இந்தத் தடவை அவர் எடுத்த நிறத்தையே போட்டுக்கொண்டாள். சொன்ன விலைக்கே சரி என்றாள். தெருமுனையில் என்னை நிறுத்தி, "தம்பி, அந்தம்மா எங்க?" என்றார்.

"இப்பத்தானே வளையல் போட்டுவிட்டு வர்றீங்க?"

"அது தெரியும் தம்பி. அந்தம்மா எங்க?"

அன்று மாலை புங்கமரத்தடிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சின்னம்மா, பூமி உருண்டைன்னு நான் சொன்னது தப்பு. தட்டைதான். இப்பக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றேன். சொல்லிவிட்டு அவள் தலை சாய்கிறதா என்று பார்த்தேன்.

"சரிப்பா" என்றாள்.

மாதம் ஒரு தடவை பெங்களூர் போய்க் காட்ட வேண்டும். ராயக்கோட்டை ரோட்டில் பஸ் பிடித்து ஓசூர், அங்கிருந்து இன்னொரு பஸ். டாக்டர் கன்னடக்காரர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். அவர் மேஜையில் காபி எப்போதும் ஆடை படிந்து ஆறிப் போயிருக்கும். சாப்பாடு, தூக்கம், குரல் எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் உண்மையாகவே கேட்க ஆரம்பிப்பது போல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்.

"யார் கூடவாவது சண்டை போட்டாங்களா?"

சித்தப்பா பெருமையாக, "இல்லவே இல்லீங்க" என்றார்.

"சிரிச்சாங்களா?"

"அதுவும் இல்லீங்க. ரொம்ப அடக்கமா இருக்குறாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவர் சந்தோஷப்படவில்லை என்பது எங்களுக்கு வினோதமாக இருந்தது. அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் மாதம் அவர் எங்களை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏனம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாமுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் சித்தப்பா.

"நான் அவங்களைக் கேட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ரோஜாப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. சின்னம்மா தரையைப் பார்த்து, "அவரு சொன்னாச் சரிங்க" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நோய் போயிடுச்சு. நல்லது. ஆனா ஆள் இன்னும் வரலையே."

"கத்தாம இருக்காளே, அது போதாதுங்களா?" என்று சித்தப்பா கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே. ஆறு மாதம் தூங்காதவரின் கேள்வி அது.

"உங்களுக்குப் போதும். அவங்களுக்குப் போதுமா?"

வார்டு ஆயாவைக் கூப்பிட்டார். இவள் இங்கே இருந்தபோது, கேட்காமல் தானாக ஏதாவது பேசினாளா என்று விசாரித்தார். ஆயா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே ஒரு தடவைங்க. பால்காரன் வாசல்ல மாட்டைக் கறந்துக்கினு இருந்தான். கன்னுக்குட்டியைத் தள்ளிக் கட்டியிருக்கான், பசு பால் விடாதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

டாக்டர் சித்தப்பாவிடம் திரும்பினார். "வீட்ல பசு இருக்கா?"

"இருக்குதுங்க. முன்னாடி இவதான் கறப்பா. இப்ப நான். பாதிப் பால்தான் விடுது, உதை வேற."

"அதை அவங்ககிட்டயே விட்டுடுங்க. அவங்க இல்லாட்டி நடக்காத வேலைன்னு ஒண்ணு வேணும். மாத்திரை என் வேலை, கொடுக்கறேன். இது உங்க வேலை."

திரும்பி வரும்போது பஸ்ஸில், அத்திப்பள்ளி தாண்டினதும் சித்தப்பா என் பக்கம் சாய்ந்து, "மறுபடி கொட்டகைக்கு விடச் சொல்றாரேடா. அங்கதான்டா பிடிச்சுது. அவருக்கு என்ன, அவர் பாக்கலை" என்றார். நான் டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். ஆனால் சொல்லும்போது எனக்கும் அந்த விடியல் நினைவுக்கு வந்தது, மேலே வற்புறுத்தவில்லை. வீட்டில் அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "மாடு இருந்தாத்தானே கொட்டகை? வித்துடு." டாக்டர் கொடுக்கச் சொன்ன மருந்தை விற்க முடிவு செய்தோம். அவள்மேல் இருந்த பிரியத்தில்தான் செய்தோம்.

அப்படித்தான் அந்தத் தை மாதத்து விடியலில் சிவப்புத் துண்டு அசைந்தது. விரல்கள் ஒத்துப் போயின. வியாபாரி பத்து ரூபாய் அச்சாரம் எடுத்துச் சித்தப்பாவின் கையில் வைத்தார். எங்கள் பக்கத்து வழக்கத்தில் அச்சாரம் கை மாறினால் பேச்சு முடிந்தது. வாங்கினவர் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு; விற்றவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாடு போகலாம், கட்டின கயிறு போகக் கூடாது. வீட்டுப் பெண்பிள்ளை தன் கையால் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் புதுக் கயிறு போட்டுக்கொள்வார். "வீட்டம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் தரகர்.

என் அம்மா வந்து அவிழ்க்கட்டும் என்றார் அப்பா. "மாட்டை வளத்தவங்க கைதான் அவுக்கணும், இல்லாட்டி எனக்கு ஆகாது" என்று வியாபாரி பிடிவாதமாக நின்றார். சித்தப்பா தயங்கி, பிறகு கூப்பிட்டார். அவள்தான் எதற்கும் சரி என்பவளாயிற்றே.

பனிக்குள்ளிருந்து சின்னம்மா வந்தாள். நடந்து வந்ததாகத் தெரியவில்லை. பனியில் ஒரு இடம் மெல்லத் தடித்து அவளானது போலிருந்தது. கெம்பி தலையைத் தூக்கிற்று. அவள் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, போகலாமா என்பதுபோல் நின்றாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

வியாபாரி புதுக் கயிற்றைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "கறவை எப்படிங்க? புதுக் கைக்கு நிக்குமா?"

சித்தப்பா வழக்கமாக எல்லோரும் சொல்கிறதைச் சொன்னார். "பச்சைப் புள்ளை மாதிரிங்க. யார் வேணா கறக்கலாம்."

"அதெப்படி?"

யாரும் அசையவில்லை. பனிகூட நின்றுவிட்டது போலிருந்தது. சித்தப்பா கையிலிருந்த ரூபாயை மடக்கிக்கொண்டார்.

"அதெப்படி?" என்று மறுபடி கேட்டாள்.

"ஆரம்பிச்சிடுச்சுடா" என்றார் அப்பா. "ஓடு, மாத்திரையை எடுத்தா."

நான் திரும்பி ஓடப் போனேன். சித்தப்பா கையை நீட்டி என் மார்பில் வைத்து நிறுத்தினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவள் மூலையைப் பார்க்கவில்லை, நிலையைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. கயிறு சுற்றின கை இடுப்புக்குப் போயிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

பதில் சொல்ல வேண்டியவர் சித்தப்பா. அவருக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை தப்பினால் மறுபடி அந்த ஆறு மாதம்.

"எது எப்படி?" என்று கேட்டார்.

"யார் வேணா கறக்கலாமா? அதெப்படி மாமா? நீ கறந்த லட்சணத்தை நான் பாக்கலையா? உதை வாங்கித் தவலையோட உருண்டியே, அது எந்த ஊர்ப் பச்சைப் புள்ளை?"

தரகர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சித்தப்பாவின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது, ஆனால் குரலை விறைப்பாக வைத்துக்கொண்டார். "பெரிசாப் பேசறியே. நீ கறந்து காட்டு பாக்கலாம்."

"காட்டறேன். சொம்பை எடுத்தா."

மாத்திரைக்கு ஓட இருந்த நான் சொம்புக்கு ஓடினேன். அவள் தள்ளிக் கட்டியிருந்த கன்றை அவிழ்த்து, தாயின் முன்காலுக்குப் பக்கத்தில் கட்டினாள். குந்தி உட்கார்ந்தாள். அத்தனை மாதத்துக்கு அப்புறம் விரல்கள் முதலில் தடுமாறின. கெம்பி கழுத்தைத் திருப்பி அவள் முதுகை நக்கிற்று. அப்புறம் சொம்பின் அடியில் பால் விழுந்த சத்தம், மெல்லியதாக, வேறு ஏதோ ஊரில் மணி அடிக்கிறாற்போல் கேட்டது. சத்தம் தடித்துக்கொண்டே வந்தது. நுரை எழுந்து பனியோடு கலந்தது. எது பால், எது பனி, எது அவள் மூச்சு என்று சொல்ல முடியவில்லை.

வியாபாரியின் முகம் மலர்ந்தது. "நல்ல மாடுங்க. இன்னும் அஞ்சு சேத்துக் கொடுக்கறேன்."

"அதெப்படி?" என்றாள், தலையைத் தூக்காமல். "விக்கறோம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அப்பா இதற்கெல்லாம் நேரே பதில் சொல்ல முடியாது என்பதால் வானத்தைத் தேடினார். பனியில் வானம் இல்லை. கடைசியில் கெம்பியைப் பார்த்து, "வேணாம்னா விட்டுடச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எப்போதும் நன்றாக இருந்தாள் என்று சொன்னால் அது கதை. மாத்திரை நிற்கவில்லை. ராகி அறுக்கிற மாதம் வந்தால், பிள்ளை போன மாதம் அது, சில நாள் புங்கமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் பால் நேரத்துக்குத் தானே எழுந்துவிடுவாள். அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று ஒரு தடவை கேட்டேன். "யாரோ என் சேலையைக் கட்டிக்கினு வீட்டுக்குள்ள நடமாடற மாதிரி இருந்துச்சுப்பா. நல்ல பொம்பளைதான். சொன்னதையெல்லாம் கேட்டா. நான் தூரமா நின்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "ஆமா, பூமி தட்டைன்னு அவகிட்ட ஏன்டா பொய் சொன்னே?" என்றாள்.

நான் இப்போது சேலத்தில் இருக்கிறேன். இங்கே அந்த மாதிரிப் பனி கிடையாது. என் பிள்ளைகள் யாராவது வகுப்பில் எழுந்து நின்று "அது எப்படி சார்?" என்று கேட்டால், உட்காரச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கெம்பியை விற்காமல் விட்டதற்கு அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போனபோது சித்தப்பா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "சண்டை போட்டுட்டாங்க" என்றார். டாக்டர் ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முழுக் கதையையும் கேட்டார். அச்சாரத்தை இரட்டிப்பாகத் திருப்பினது, வியாபாரம் நடக்காவிட்டாலும் தரகர் தன் கூலியைக் கேட்டது எல்லாம்.

"அப்ப உங்களுக்குச் செலவு எவ்வளவு ஆச்சு?"

"பத்து ரூபாய் தண்டம், தரகு ஒரு ரூபாய். பதினோரு ரூபாய்ங்க."

ஜன்னல் வழியாக ரோஜாப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னம்மா திரும்பினாள்.

"அதெப்படி மாமா? நடக்காத வியாபாரத்துக்கு முழுத் தரகு எதுக்குன்னு கேட்டு நான் பாதி குறைக்கலையா? பத்து ரூபாய் எட்டணா."